போதைப்பழக்கமும் மூளையின் வெகுமதி மண்டலமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

போதைப்பழக்கத்திலிருந்து மீள நினைப்பவர்களும் அவர்களோடு ஒரே வீட்டில் வாழ்பவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. மருந்து அளவுகள் பெரியவர்களுக்கானவை. மருத்துவர் என்ன செய்கிறார், ஏன் செய்கிறார் என்று புரிந்துகொள்ளவே அவற்றைக் கொடுத்திருக்கிறோம். யாரும் தாமாக வாங்கிப் போட்டுக்கொள்வதற்காக அல்ல.

வெகுமதி மண்டலம் என்றால் என்ன? மூளையில் எங்கே இருக்கிறது?

அது தனி உறுப்பு அல்ல, சில பகுதிகளைக் கோக்கும் ஒரு நரம்புப் பாதை. நடுமூளையின் அடிப்பக்கத்தில் வென்ட்ரல் டெக்மென்டல் பகுதி என்ற சிறு நரம்பணுக் கூட்டம் இருக்கிறது. அங்கிருந்து கிளம்பும் இழைகள் முன்மூளையின் ஆழத்தில் உள்ள நியூக்ளியஸ் அக்கும்பென்ஸ் என்ற பகுதியில் போய் டோபமைன் என்ற ரசாயனத்தைச் சுரக்கின்றன. அதே கூட்டத்திலிருந்து வேறு இழைகள் அமிக்டலாவுக்கும் (அச்சம், உணர்ச்சி), ஹிப்போகேம்பஸுக்கும் (நினைவு), நெற்றிக்குப் பின்னால் உள்ள முன்நெற்றிப் புறணிக்கும் (திட்டமிடுதல், தன்னைத் தடுத்துக்கொள்ளுதல்) போகின்றன. உணவு, உறவு, குழந்தை வளர்ப்பு போன்று உயிர் பிழைக்கத் தேவையானவற்றைத் திரும்பத் திரும்பச் செய்ய வைப்பதுதான் இதன் வேலை.

இது தெரியவந்தது 1954இல். கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் ஓல்ட்ஸும் பீட்டர் மில்னரும் எலிகளின் மூளைக்குள் மெல்லிய மின்கம்பியைப் பொருத்தினார்கள். விசையை அழுத்தினால் மின்தூண்டல் கிடைக்கும். கம்பி சரியான இடத்தில் இருந்த எலிகள் அந்த விசையை விடாமல் அழுத்திக்கொண்டே இருந்தன.

டோபமைன்தானே இன்பம் தரும் ரசாயனம்?

இல்லை. சிகிச்சையில் பல தவறுகளுக்கு இந்த ஒரு தவறான கருத்தே காரணம் என்பதால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறோம்.

நரம்பியல் ஆய்வாளர் வோல்ஃப்ராம் ஷூல்ட்ஸ் குரங்குகளின் டோபமைன் நரம்பணுக்களைப் பதிவு செய்து பார்த்தார். எதிர்பாராமல் பழச்சாறு கிடைத்தபோது அவை துடித்தன. விளக்கு எரிந்தால் சாறு வரும் என்று குரங்கு கற்றுக்கொண்ட பிறகு, துடிப்பு சாற்றிலிருந்து விளக்குக்கு மாறிவிட்டது. விளக்கு எரிந்தும் சாறு வராவிட்டால், வரவேண்டிய அந்தக் கணத்தில் துடிப்பு வழக்கத்தைவிடக் குறைந்தது. அப்படியானால் டோபமைன் அளப்பது இன்பத்தை அல்ல. எதிர்பார்த்ததற்கும் கிடைத்ததற்கும் உள்ள வித்தியாசத்தை. அது ஒரு கற்றல் சமிக்ஞை.

கென்ட் பெரிட்ஜ் என்ற ஆய்வாளர் இன்னொரு பக்கத்திலிருந்து இதைக் காட்டினார். டோபமைன் கிட்டத்தட்ட முழுவதுமாக அழிக்கப்பட்ட எலிகள், வாயில் சர்க்கரைநீரை விட்டால் முன்புபோலவே ரசித்தன. ஆனால் பக்கத்தில் இருக்கும் உணவைத் தாமாக எழுந்துபோய் உண்ணவில்லை. பிடிப்பது வேறு, வேண்டும் என்று இழுப்பது வேறு. போதைப்பழக்கம் முற்றும்போது பிடித்தம் தேய்கிறது, இழுப்பு வளர்கிறது. “எனக்கு அது பிடிக்கவேயில்லை, ஆனாலும் கை போகிறது” என்று ஒருவர் சொன்னால் அது சாக்கு அல்ல. மூளையில் நடப்பதைத் துல்லியமாகச் சொல்கிறார்.

மனிதர்களிடமும் சான்று உண்டு. பார்க்கின்சன் நோய்க்குத் தரும் பிராமிபெக்ஸோல் போன்ற மருந்துகள் டோபமைன் ஏற்பிகளை, அதாவது நரம்பணுவின் மேல் டோபமைன் வந்து ஒட்டும் இடங்களை, தூண்டுபவை. அவற்றை எடுத்தவர்களில் சிலர், வாழ்நாளில் சீட்டைத் தொடாதவர்கள்கூட, திடீரென்று சூதாட்டத்தில் விழுந்தார்கள். மருந்தைக் குறைத்ததும் பலருக்கு அது அடங்கியது.

போதைப்பொருள்கள் இந்தப் பாதையில் என்ன செய்கின்றன?

ஒவ்வொன்றும் வேறு கதவு வழியாக நுழைகிறது. கோகெயின், சுரந்த டோபமைனை நரம்பணு திரும்ப உறிஞ்சும் வாயிலை அடைத்துவிடுகிறது. ஆம்ஃபெட்டமைனும் மெத்ஆம்ஃபெட்டமைனும் அதே வாயிலைத் தலைகீழாக இயங்கவைத்து உள்ளே சேமித்த டோபமைனையும் வெளியே கொட்டவைக்கின்றன. ஹெராயின், மார்ஃபின் போன்ற ஓபியாய்டுகள் டோபமைன் நரம்பணுக்களை நேரடியாகத் தொடுவதில்லை. காபா என்ற ரசாயனத்தைச் சுரந்து அவற்றைக் கட்டுப்படுத்தி வைக்கும் நரம்பணுக்களை உறங்கவைக்கின்றன, கட்டு அவிழ்கிறது. நிகோடின், அசிட்டைல்கோலின் என்ற இன்னொரு நரம்பு ரசாயனத்தின் ஏற்பிகளைத் தூண்டுகிறது. மது ஒரே நேரத்தில் மூளையை அடக்கும் காபாவைக் கூட்டி, மூளையைத் தூண்டும் குளுட்டமேட்டைக் குறைத்து, உடலின் சொந்த ஓபியாய்டுகளையும் சுரக்கவைக்கிறது. மதுவை நிறுத்துவது ஏன் இத்தனை ஆபத்தானது என்பதற்கும், ஓபியாய்டைத் தடுக்கும் மருந்து ஏன் குடிக்கு உதவுகிறது என்பதற்கும் இதில் விடை இருக்கிறது.

அளவைவிட வேகம் முக்கியம். புகையாக இழுத்த நிகோடின் 10 முதல் 20 நொடியில் மூளையை எட்டுகிறது. தோலில் ஒட்டும் பட்டையிலிருந்து அது மணிக்கணக்கில் மெதுவாக ஏறுகிறது. பொருள் ஒன்றுதான். சிகரெட்டுக்கு அடிமையாவது எளிது, பட்டைக்கு அடிமையாகிறவர் அரிது. செயலுக்கும் விளைவுக்கும் இடைவெளி குறையக் குறைய மூளை அந்த இரண்டையும் இறுக்கமாக முடிச்சுப்போடுகிறது. ஹெராயினுக்குப் பதிலாக மெத்தடோன் என்ற மெதுவான ஓபியாய்டைத் தரும் சிகிச்சையும் இந்த விதியின் மீதுதான் நிற்கிறது.

முன்பு போல் ஏறுவதில்லை, ஆனால் இல்லாமலும் இருக்க முடியவில்லை. ஏன்?

தொடர்ந்து வெள்ளமாக டோபமைன் வந்தால் மூளை தன் ஏற்பிகளைக் குறைத்துக்கொள்கிறது. ஆய்வாளர் நோரா வோல்கோவ் குழுவினர் எடுத்த, மூளையின் ரசாயன இயக்கத்தைக் காட்டும் பெட் ஸ்கேன் படங்களில், கோகெயின், மெத்ஆம்ஃபெட்டமைன், மது எதற்கு அடிமையானவர்களாக இருந்தாலும் டி2 என்ற வகை டோபமைன் ஏற்பிகள் குறைந்திருந்தன. ஏற்பி குறைந்தால் போதை மட்டுமல்ல, சாப்பாடு, பிள்ளையின் சிரிப்பு, சம்பளம் எல்லாமே மங்கித் தெரியும். கூடவே டைனார்ஃபின் போன்ற பதற்ற ரசாயனங்கள் ஏறுகின்றன. அதனால் ஒரு கட்டத்துக்குப் பிறகு போதையைத் தேடுவது மகிழ்ச்சிக்காக அல்ல, இயல்பாக எழுந்து நடமாடுவதற்காக.

இது பெருமளவு சரியாகக்கூடியது. ஆனால் நாள்கணக்கில் அல்ல. மெத்ஆம்ஃபெட்டமைனை விட்டவர்களின் டோபமைன் உறிஞ்சு வாயில்கள் ஓராண்டுக்கு மேல் விலகியிருந்த பிறகு கணிசமாகத் தேறியிருந்தன; அதே காலத்தில் நினைவாற்றல், இயக்கச் சோதனைகளில் முன்னேற்றம் அந்த அளவுக்கு வரவில்லை. முதல் மூன்று நான்கு மாதம் “எதிலும் சுவையில்லை” என்பது எதிர்பார்க்க வேண்டிய கட்டம். இதை முன்கூட்டியே சொல்லாமல் விடுவதால், “விட்டும் வாழ்க்கை இப்படித்தான் என்றால் எதற்கு விட வேண்டும்” என்று பலர் திரும்பிப் போகிறார்கள்.

ஒரே பொருளைப் பயன்படுத்தியும் சிலர் மட்டும்தானே அடிமையாகிறார்கள்?

ஆம். ஆபத்தில் ஏறக்குறைய 40 முதல் 60 விழுக்காடு மரபுவழி வருகிறது. தொடங்கும் வயது அடுத்தது: முன்நெற்றிப் புறணி இருபதுகளின் நடுவில்தான் முழு வளர்ச்சி பெறுகிறது, வெகுமதிப் பாதையோ அதற்கு வெகு முன்பே முழுவேகத்தில் இருக்கிறது. சிறுவயதுக் கொடுமை, மனச்சோர்வு, கவனக்குறைபாடு, தீராத வலி ஆகியவை எடை கூட்டுகின்றன.

சூழலின் பங்கை யாரும் குறைத்து மதிப்பிட வேண்டாம். வியட்நாம் போரிலிருந்து 1971இல் திரும்பிய அமெரிக்கப் படைவீரர்களை லீ ராபின்ஸ் என்ற ஆய்வாளர் பின்தொடர்ந்து ஆய்ந்தார். ஐந்தில் ஒருவர் அங்கே ஓபியாய்டுக்கு அடிமையாக இருந்ததாகச் சொன்னார்கள். அவர்களில் ஊர் திரும்பிய முதல் ஆண்டில் மறுபடி அடிமையானவர்கள் சுமார் 5 விழுக்காடுதான். போதைப்பொருள், அதைத் தந்த கைகள், இடம், அச்சம் எல்லாம் ஒரே நாளில் மறைந்துபோயின. சிகிச்சை மையத்திலிருந்து வெளியே வந்து அதே தெருவுக்கு, அதே நண்பர் வட்டத்துக்குத் திரும்புகிறவருக்கு அந்த வசதி கிடையாது.

வெறும் பழக்கமா, நோயாகிவிட்டதா என்று எப்படித் தெரியும்?

அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013இல் வெளியிட்ட டிஎஸ்எம்-5 என்ற நோய் வகைப்பாடு 11 அறிகுறிகளைச் சொல்கிறது: நினைத்ததைவிட அதிகமாக எடுப்பது, குறைக்க முயன்று தோற்பது, அதிலேயே நேரம் கழிவது, வேட்கை, வேலை அல்லது வீட்டுக் கடமை தவறுவது, உறவு கெட்டும் தொடர்வது, பிற ஈடுபாடுகளைக் கைவிடுவது, ஆபத்தான நிலையில் எடுப்பது, உடல்நலம் கெடுவது தெரிந்தும் எடுப்பது, தாங்குதிறன் கூடுவது (அதே பலனுக்கு மேலும் மேலும் தேவைப்படுவது), நிறுத்தினால் விலகல் அறிகுறிகள் வருவது. 12 மாதத்துக்குள் இரண்டு மூன்று இருந்தால் லேசானது, நான்கைந்து நடுத்தரம், ஆறும் அதற்கு மேலும் தீவிரம். மருத்துவர் சொன்னபடி வலி மருந்து எடுப்பவருக்குக் கடைசி இரண்டு மட்டும் இருந்தால் அதை அடிமைநிலை என்று எண்ணுவதில்லை.

திடீரென்று நிறுத்திவிடலாமா?

எதை என்பதைப் பொறுத்தது. இங்கே தவறினால் உயிர் போகலாம்.

மது: நாள்தோறும் அதிகம் குடித்தவர் திடீரென நிறுத்தினால் 6 முதல் 24 மணி நேரத்தில் நடுக்கம், வியர்வை, படபடப்பு தொடங்கும். வலிப்பு வருவதானால் பெரும்பாலும் 6 முதல் 48 மணிக்குள். டெலிரியம் ட்ரெமென்ஸ் என்ற மனக்குழப்ப நிலை 48 முதல் 96 மணிக்குள். இல்லாதவை தெரியும், காய்ச்சலடிக்கும், கவனிக்காவிட்டால் உயிர் போகும். முன்பு ஒருமுறை வலிப்பு வந்தவர் வீட்டில் நிறுத்தவே கூடாது. மருத்துவமனையில் டயஸெபாம் அல்லது க்ளோர்டயஸெபாக்சைட் தருவார்கள். கல்லீரல் கெட்டிருந்தால் லோராஸெபாம். தயமின் எனும் பி1 வைட்டமினை குளுக்கோஸுக்கு முன்போ அதனுடனோ ஏற்ற வேண்டும். தயமின் இல்லாத உடலில் குளுக்கோஸை மட்டும் ஏற்றினால் வெர்னிக்கி மூளைப் பாதிப்பு தூண்டப்படலாம். நினைவாற்றல் நிரந்தரமாகப் போகக்கூடும். குடிப்பவரின் குடல் தயமினைச் சரியாக உறிஞ்சாததால் மாத்திரை மட்டும் போதாது, ஊசி வேண்டும்.

தூக்க மாத்திரைகள் (அல்ப்ரஸோலாம், டயஸெபாம் வகை): மாதக்கணக்கில் எடுத்தவருக்கும் வலிப்பு ஆபத்து உண்டு. இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒருமுறை 5 முதல் 10 விழுக்காடு என்ற வேகத்தில் குறைப்பார்கள். கடைசிக் கால்பங்குதான் மிகக் கடினம்; அங்கே அவசரப்படுவதுதான் வழக்கமான தவறு.

ஹெராயின்: கடைசியாக எடுத்த 8 முதல் 24 மணியில் தொடங்கி 4 முதல் 10 நாள் நீடிக்கும். மூக்கொழுகல், மயிர்க்கூச்சு, வயிற்றுப்போக்கு, எலும்பு வலி. வேதனை கடுமையானது, ஆனால் உடல்நலம் உள்ளவருக்கு அதுவே உயிரை எடுப்பது அரிது. வாந்தியாலும் பேதியாலும் நீர்வற்றுவதைத்தான் கவனிக்க வேண்டும்.

கோகெயின், மெத்ஆம்ஃபெட்டமைன்: உடல் ஆபத்து குறைவு. அடித்துப்போட்ட தூக்கம், அகோரப் பசி, ஆழ்ந்த மனச்சோர்வு வரும். தற்கொலை எண்ணம் எழக்கூடிய நாள்கள் அவை, தனியே விடக்கூடாது.

டீடாக்ஸ் முடித்தாயிற்று. இனி சரியாகிவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாமா?

கூடாது. டீடாக்ஸ் என்பது உடலிலிருந்து பொருளை வெளியேற்றுவது. கற்றுக்கொண்ட முடிச்சு அப்படியே இருக்கிறது. அதைவிட மோசம், தாங்குதிறன் இறங்கிவிடுகிறது. பத்து நாள் விலகியிருந்த ஒருவர் பழைய அளவை ஏற்றினால் மூச்சு நின்றுபோகும். ஓபியாய்டு மரணங்கள் டீடாக்ஸ் முடிந்த, சிறையிலிருந்து விடுதலையான முதல் சில வாரங்களில் குவிவது இதனால்தான். தொடர் மருந்தோ பின்தொடர்தலோ இல்லாத ஓபியாய்டு டீடாக்ஸ், எதுவும் செய்யாமலிருப்பதைவிட ஆபத்தானது என்பதே எங்கள் கருத்து.

மெத்தடோன், புப்ரினார்ஃபின் கொடுப்பது ஒரு போதைக்குப் பதில் இன்னொரு போதைதானே?

இரண்டும் ஓபியாய்டுதான், மறைக்க வேண்டியதில்லை. வேறுபாடு வேகத்திலும் ஏற்ற இறக்கத்திலும். ஹெராயின் நொடிகளில் ஏறி, சில மணி நேரத்தில் இறங்கி, ஒரு நாளில் மூன்று நான்கு முறை அதே சுழற்சியை ஓட்டுகிறது. சரியான அளவு மெத்தடோன் நாள் முழுவதும் மட்டமாக இருக்கும்: உச்சமும் இல்லை, வீழ்ச்சியும் இல்லை. அதன்மேல் ஹெராயினை எடுத்தாலும் பெரிதாக ஏறாது. வேட்கையைத் தூண்டும் சுழற்சி ஓடாதபோதுதான் வேலைக்குப் போகவும் ஆலோசனையில் உட்காரவும் மூளைக்கு இடம் கிடைக்கிறது. இந்த மருந்துகளில் நிலைத்திருப்பவர்களின் இறப்பு விகிதம் ஏறத்தாழப் பாதியாகக் குறைகிறது. இவ்வளவு உறுதியான பலன் காட்டும் வேறு சிகிச்சை ஓபியாய்டு அடிமைநிலைக்கு இல்லை.

மெத்தடோன் முதல் நாள் 10 முதல் 30 மி.கி. அளவில் தொடங்கும். பலருக்குப் பலன் தெரிவது 60 முதல் 120 மி.கி. வரும்போதுதான். இடையில் இரண்டு விபத்துகள் நடக்கும். ஒன்று அவசரம்: மருந்து உடலில் மெதுவாகக் கழிவதால் அதே அளவைக் கொடுத்தாலும் இரத்தத்தில் நான்கைந்து நாள் ஏறிக்கொண்டே போகும். “போதவில்லை” என்று நாள்தோறும் கூட்டினால் மூன்றாம் நான்காம் நாள் இரவு மூச்சு தளரும். முதல் இரண்டு வாரம்தான் அதிக ஆபத்து. மற்றது தயக்கம்: 40 மி.கி.யில் நிறுத்திவிட்டு, “மருந்து கொடுத்தும் ஹெராயின் எடுக்கிறார்” என்று வெளியேற்றுவது. அங்கே தோற்றது அளவு, ஆள் அல்ல. மெத்தடோன் இதயத் துடிப்பின் கியூடி இடைவெளியை (ஒவ்வொரு துடிப்புக்கும் பின் இதயம் மீள எடுக்கும் நேரத்தை) நீட்டக்கூடியது. இதயநோய் உள்ளவருக்கு ஈசிஜி எடுத்த பிறகே தொடங்குவார்கள்.

புப்ரினார்ஃபினை எடுத்ததும் நிலைமை மோசமாகிவிட்டது. ஏன்?

நேரத்துக்கு முன்னால் எடுத்திருப்பார்கள். புப்ரினார்ஃபின் ஏற்பியை மிக இறுக்கமாகப் பிடிக்கும், ஆனால் பாதியளவே தூண்டும். ஹெராயின் இன்னும் ஏற்பியில் இருக்கும்போது இது வந்தால் அதைத் தள்ளிவிட்டுத் தான் உட்கார்ந்துகொள்ளும். முழுத் தூண்டுதல் ஒரேயடியாகப் பாதியாகிறது. பெரும்பாலும் அரை மணி முதல் ஒன்றரை மணி நேரத்துக்குள் கடும் விலகல் வேதனை.

தவிர்க்கும் வழி காத்திருப்பதுதான். ஹெராயின் போன்ற குறுகிய கால ஓபியாய்டு என்றால் 12 முதல் 24 மணி. மெத்தடோன் என்றால் முதலில் 30 மி.கி. அல்லது அதற்குக் கீழே இறக்கி, பிறகு 36 முதல் 72 மணி. கடிகாரத்தைவிட உடலை நம்பலாம்: கண்பாவை விரிந்திருக்கிறதா, மூக்கு ஒழுகுகிறதா, மயிர்க்கூச்சு இருக்கிறதா, கொட்டாவி நிற்கவில்லையா என்று 11 அம்ச அளவுகோலில் மதிப்பெண் போடுவார்கள். 8 முதல் 12ஐத் தாண்டிய பிறகு 2 அல்லது 4 மி.கி., ஒன்றிரண்டு மணி கழித்து மறுபடி, முதல் நாளில் வழக்கமாக மொத்தம் 8 மி.கி. வரை. தொடர் அளவு பெரும்பாலும் 16 மி.கி., சிலருக்கு 24. ஃபென்டனில் என்ற வலிய செயற்கை ஓபியாய்டை எடுத்தவர்களுக்குக் கணக்கு தப்பும். அது கொழுப்பில் தங்கிக் கசிந்துகொண்டே இருப்பதால் ஒரு நாள் காத்தும் வேதனை வரலாம். அவர்களுக்கு அரை மி.கி.யிலிருந்து படிப்படியாக ஏற்றும் முறை உண்டு.

மாத்திரையை நாக்கின் அடியில் வைத்து 5 முதல் 10 நிமிடம் கரையவிட வேண்டும். வாய் உலர்ந்திருந்தால் முன்னதாக ஒரு வாய் நீர். விழுங்கினால் கல்லீரலே பெரும்பகுதியை அழித்துவிடும். “வேலை செய்யவில்லை” என்பவர்களில் பலர் விழுங்குகிறவர்கள். கரைந்த பிறகு நீரால் கொப்பளித்து, ஒரு மணி நேரம் கழித்தே பல் துலக்க வேண்டும், இல்லாவிட்டால் பற்கள் சொத்தையாகும்.

நால்ட்ரெக்ஸோன் போதை தராது என்கிறார்களே, அதையே கொடுக்கலாமே?

அது ஏற்பியைப் பூட்டிவிடும் மருந்து. மாத்திரை என்றால் நாளுக்கு 50 மி.கி., ஊசி என்றால் மாதத்துக்கு 380 மி.கி. தொடங்குவதற்கு முன் 7 முதல் 10 நாள் ஓபியாய்டு தொடாமல் இருக்க வேண்டும், அதுவே பலரால் தாண்ட முடியாத வாசல். மாத்திரையைக் காலையில் விட்டுவிட்டால் ஓரிரு நாளில் பூட்டு திறந்துவிடும், தாங்குதிறனும் இருக்காது. ஓபியாய்டுக்கு மாத்திரை வடிவம் பெரும்பாலும் தோற்பது இதனால்தான், ஊசி பரவாயில்லை.

குடிக்கு நிலைமை வேறு. குடித்துக்கொண்டிருக்கும்போதே தொடங்கலாம், குடித்தால் வரும் அந்த முதல் எழுச்சி மட்டுப்படுவதால் இரண்டாவது மூன்றாவது கோப்பைக்கான இழுப்பு குறைகிறது. கல்லீரல் சோதனை முன்னதாக வேண்டும். குடியை ஏற்கெனவே நிறுத்தியவருக்கு அகாம்ப்ரோசேட் 666 மி.கி. மூன்று வேளை, அது சிறுநீரகம் வழியாக வெளியேறுவதால் சிறுநீரகம் பார்க்கப்பட வேண்டும், இடையில் ஒருநாள் குடித்துவிட்டாலும் மருந்தை நிறுத்தத் தேவையில்லை.

டைசல்ஃபிரத்தை அவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுக்கலாமா?

கூடாது, ஒருபோதும் கூடாது.

இந்த மருந்து மதுவை உடல் சிதைக்கும் பாதையை நடுவில் தடுக்கிறது. அசிட்டால்டிஹைடு தேங்கி முகம் சிவந்து, வாந்தியெடுத்து, இரத்த அழுத்தம் சரிந்து, நெஞ்சு படபடக்கும். இதயநோய் உள்ளவர் இறந்தும் போகலாம். தனக்கு ஏன் இப்படி ஆகிறது என்று அவருக்கும் தெரியாது, அவசர சிகிச்சைப் பிரிவில் உள்ளவர்களுக்கும் தெரியாது. தவிர, குடித்தால் இது நடக்கும் என்று தெரிந்து வரும் தயக்கம்தான் அதன் சிகிச்சைப் பலன். தெரியாதவரிடம் அந்தத் தயக்கம் எங்கிருந்து வரும்?

அவரே ஒப்புக்கொண்டு எடுத்தால், வீட்டில் ஒருவர் கண்முன்னே தினமும் விழுங்கினால், நன்றாக உதவும். கடைசிக் குடியிலிருந்து குறைந்தது 12 மணி கழித்துத் தொடக்கம். நிறுத்திய பிறகும் 14 நாள் வரை எதிர்வினை வரலாம். இருமல் மருந்து, வாய் கொப்பளிக்கும் திரவம் ஆகியவற்றில் உள்ள ஆல்கஹாலும் போதும். கண் மஞ்சளானால் உடனே நிறுத்த வேண்டும்.

கோகெயினுக்கும் மெத்ஆம்ஃபெட்டமைனுக்கும் என்ன மருந்து?

மெத்தடோன் அளவுக்கு நம்பகமான மருந்து இவற்றுக்கு இல்லை. இருக்கும் சிறந்த வழி, பலருக்கு முதலில் சிரிப்பு வரவைக்கும் ஒன்று: போதை எடுக்காததற்குப் பரிசு கொடுப்பது. 1990களின் தொடக்கத்தில் வெர்மான்ட் பல்கலைக்கழகத்தில் ஸ்டீவன் ஹிக்கின்ஸ் இதைக் கோகெயினுக்கு உருவாக்கினார்.

வாரம் இரண்டு மூன்று முறை சிறுநீர்ச் சோதனை. போதை இல்லாத ஒவ்வொரு மாதிரிக்கும் அங்கேயே, அப்போதே ஒரு பரிசுச் சீட்டு. தொடர்ந்து சுத்தமாக இருந்தால் அதன் மதிப்பு படிப்படியாக ஏறும். மாதிரி தராவிட்டாலோ போதை தெரிந்தாலோ தொடக்க மதிப்புக்கு இறங்கும், சில சுத்தமான மாதிரிகளுக்குப் பின் பழைய இடத்துக்கு ஏறும். 12 வாரம் என்பது பரவலான கால அளவு. திட்டுவதோ வெளியேற்றுவதோ இல்லை.

சுருக்க முயன்றால் தோற்கும். கோகெயினின் எச்சம் சிறுநீரில் இரண்டு முதல் நான்கு நாளே தெரியும். வாரம் ஒருமுறை சோதித்தால் நடுவில் எடுத்தது தப்பிவிடும், எடுத்ததற்கும் பரிசு கிடைத்துவிடும். மாதக் கடைசியில் மொத்தமாகக் கொடுத்தால் மூளைக்கு அது எட்டாது. “நல்ல பழக்கத்துக்கு எதற்குக் காசு” என்று பரிசை அற்பமாக்கினாலும் அப்படியே. டோபமைன் பாதை உடனடியான, உறுதியான பலனில்தான் கற்கிறது. போதைப்பொருள் பயன்படுத்திய அதே விதியை எதிர்த்திசையில் பயன்படுத்துகிறோம், அவ்வளவுதான்.

புகையிலைக்கு?

வரெனிக்ளின்: முதல் மூன்று நாள் 0.5 மி.கி. ஒரு வேளை, நான்காம் நாள் முதல் ஏழாம் நாள் வரை இரு வேளை, எட்டாம் நாளிலிருந்து 1 மி.கி. இரு வேளை, மொத்தம் 12 வாரம். அந்த எட்டாம் நாளே பொதுவாக நிறுத்தும் நாள். இல்லையேல் நிகோடின் பட்டையும் சூயிங்கமும் சேர்த்து. நாளுக்குப் பத்துக்கு மேல் பிடிப்பவர் 21 மி.கி. பட்டையில் தொடங்கி ஆறு வாரம், பின் 14, பின் 7 மி.கி. இரண்டிரண்டு வாரம். எழுந்த அரை மணிக்குள் முதல் சிகரெட் என்றால் சூயிங்கம் 4 மி.கி. வகை. அதைச் சாதாரண மிட்டாய்போல் மெல்லக்கூடாது: காரம் தெரியும்வரை மென்று, கன்னத்தில் ஒதுக்கி வைக்க வேண்டும்.

ஆறு வாரம் ஆயிற்று, வேட்கை குறைய வேண்டாமா? கூடுகிறதே?

கூடலாம். போதையோடு சேர்ந்த குறிப்புகளுக்கு (அதை நினைவூட்டும் பொருள், இடம், ஆள், நேரம்) எழும் வேட்கை, நிறுத்திய முதல் நாளைவிட சில வாரங்கள் கழித்து வலுப்பதை எலிகளில் பலமுறை காட்டியிருக்கிறார்கள். மனிதர்களிடமும் அதன் சாயல் தெரிகிறது. குறிப்பு என்பது சிரிஞ்சு மட்டுமல்ல. கையில் வந்த சம்பளம், வாரக்கடைசி மாலை, ஒரு குறிப்பிட்ட எண்ணிலிருந்து வரும் அழைப்பு, மனைவியோடு சண்டை, சில சமயம் நல்ல செய்தியும்.

ஒரு வாரம் எழுதிவைக்கச் சொல்வோம்: எப்போது, எங்கே, யாரோடு, என்ன மனநிலை, வேட்கை பத்துக்கு எவ்வளவு. ஐந்தாறு குறிப்புகள் தெளிவாக எழுந்து நிற்கும். தவிர்க்கக்கூடியதைத் தவிர்க்கலாம்: எண்ணை அழித்துவிடலாம், சம்பளத்தை வேறொருவர் கணக்குக்கு மாற்றலாம், வழியை மாற்றலாம். தவிர்க்க முடியாததற்கு முன்கூட்டியே ஒரு செயல் வேண்டும், அதுவும் குறிப்பானது. “மனதைத் திருப்புவேன்” என்பது திட்டமல்ல; “ஆறு மணிக்கு அண்ணனுக்குப் போன் செய்து அவர் வீட்டுக்குப் போவேன்” என்பது திட்டம். ஒரு வேட்கை அலை பெரும்பாலும் 15 முதல் 30 நிமிடத்தில் தானே தணியும். பசி, கோபம், தனிமை, தூக்கமின்மை நான்கும் சேர்ந்தால் எந்தத் திட்டமும் நிற்காது. அதனால் தூக்கத்தைச் சரிசெய்வது அலங்காரமல்ல, சிகிச்சையே.

சமூக ஊடகங்களில் சொல்லும் டோபமைன் விரதம் உதவுமா?

உண்ணாமல், பேசாமல், திரை பார்க்காமல் ஒரு நாள் இருப்பதால் டோபமைன் தீர்ந்தும் போகாது, நிறைந்தும் போகாது. திரையைக் குறைப்பது நல்லதுதான். போதைநோய்க்கு அது சிகிச்சை அல்ல.

மறுபடி விழுந்துவிட்டார். எல்லாம் வீணா?

சிகிச்சை பெற்றவர்களில் 40 முதல் 60 விழுக்காட்டினர் ஏதோ ஒரு கட்டத்தில் விழுகிறார்கள். இரத்த அழுத்தம், ஆஸ்துமா நோயாளிகளிடம் நோய் திரும்புவதும் கிட்டத்தட்ட இதே அளவில்தான். அழுத்தம் ஏறினால் மாத்திரையை மாற்றுகிறோம், நோயாளியை வெளியேற்றுவதில்லை.

முதல் 24 மணி நேரம் முக்கியம். ஒருமுறை எடுத்ததற்கும் பழைய நிலைக்குத் திரும்புவதற்கும் நடுவே பெரும்பாலும் நிற்பது அவமானம்: “எப்படியும் கெட்டாயிற்று” என்ற எண்ணம். அதே நாளில் மருத்துவரிடம் சொன்னால் அளவைப் பார்க்கலாம், எந்தக் குறிப்பு இழுத்தது என்று பார்க்கலாம். வீட்டில் இருப்பவர்கள் விசாரணையைத் தள்ளிவைத்து, சாப்பாடு போட்டு, தெளிந்திருக்கும்போது பேசுவது பலன் தருகிறது. அதற்காக எல்லாவற்றையும் தாங்கிக்கொள்ள வேண்டும் என்பதில்லை: கையில் காசு கொடுக்காமலிருப்பதும், அவர் வாங்கிய கடனை அடைக்காமலிருப்பதும், அலுவலகத்துக்குப் பொய் சொல்லாமலிருப்பதும் தண்டனை அல்ல.

மருந்தை எப்போது நிறுத்தலாம்?

மெத்தடோன், புப்ரினார்ஃபின் சிகிச்சைக்கு முடிவுத் தேதி கிடையாது. சில மாதத்தில் நிறுத்தியவர்கள் பெரும்பாலும் திரும்பி வருகிறார்கள், அல்லது வராமலே போகிறார்கள். குறைந்தது ஓராண்டு, வேலை, வீடு, தூக்கம், உறவு நிலைபெற்ற பிறகு, அவரே விரும்பினால், மாதக்கணக்கில் மெல்லக் குறைக்கலாம். வேட்கை திரும்பினால் தயங்காமல் பழைய அளவுக்கு ஏற வேண்டும். பல ஆண்டுகள் எடுப்பவர்கள் நன்றாக வாழ்கிறார்கள்.

அளவு மீறி எடுத்து மயங்கிக் கிடக்கிறார். என்ன செய்வது?

ஓபியாய்டு என்றால் மூன்று அடையாளம்: எழுப்பினால் எழமாட்டார், கண்பாவை குண்டூசி முனைபோல் சுருங்கியிருக்கும், மூச்சு மிக மெதுவாகவோ குறட்டையாகவோ நின்றோ இருக்கும். உதடும் நகமும் நீலம் பாயும்.

தோளைத் தட்டிப் பெயர் சொல்லி அழையுங்கள். பதில் இல்லையென்றால் அவசர ஊர்தியை அழைத்துவிட்டு, தலையைப் பின்சாய்த்து மோவாயைத் தூக்கி மூச்சுவழியைத் திறங்கள். மூச்சு இல்லையென்றால் மூக்கைப் பொத்தி ஐந்து நொடிக்கு ஒருமுறை வாயோடு வாய் வைத்து ஊதுங்கள். நாடியும் இல்லையென்றால் மார்பை அழுத்த வேண்டும். ஓபியாய்டை முறிக்கும் நலாக்ஸோன் மருந்து கையிலிருந்தால் மூக்குத் தெளிப்பு 4 மி.கி. ஒரு துளையில், அல்லது 0.4 மி.கி. தசை ஊசி. இரண்டு மூன்று நிமிடத்தில் மூச்சு திரும்பாவிட்டால் அடுத்த துளையில் இன்னொன்று. உங்கள் இலக்கு அவர் எழுந்து உட்காருவது அல்ல, மூச்சு வருவது. வந்ததும் இடப்பக்கமாக ஒருக்களித்துப் படுக்கவையுங்கள், வாந்தி மூச்சுக்குழாயில் இறங்காமலிருக்க.

குளிர்நீரை ஊற்றுவது, உப்புநீர் கொடுத்து வாந்தியெடுக்க வைப்பது, நடக்கவைப்பது, “தூங்கித் தெளியட்டும்” என்று விடுவது எதுவும் வேண்டாம், நேரம்தான் போகும்.

கண் விழித்தவர் விலகல் வேதனையில் கோபத்தோடு எழுந்து போகப் பார்ப்பார், உடனே இன்னொரு ஊசி தேடுவார். விடாதீர்கள். நலாக்ஸோன் வேலை செய்வது 30 முதல் 90 நிமிடம் மட்டுமே. மெத்தடோன் போன்ற நீண்டகால ஓபியாய்டு அதன்பிறகும் உடலில் இருக்கும், மூச்சு மறுபடி அடங்கலாம். அதனால் நன்றாகப் பேசினாலும் மருத்துவமனைக்குக் கொண்டுபோய், சில மணி நேரம் கண்காணிப்பில் வைக்கச் சொல்லுங்கள்; என்ன எடுத்தார், எத்தனை மணிக்கு, நலாக்ஸோன் எத்தனை முறை கொடுத்தீர்கள் என்பதை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தனுப்புங்கள்.